மேசையில் உட்காராதவள்

அத்தியாயம் 11

மூன்று தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, வின்னிபெக் மருத்துவமனை வாசலில் காருக்குள் அழுதுகொண்டிருந்த மார்னியை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தோம். பாவம், ரொம்ப நேரம் அழவில்லை. கார் நிறுத்த எடுத்த சீட்டின் நேரம் முடியப் போகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பனிக்காற்றில் இரண்டு மணி நேரம் ஓட்டி கெல்ஹேவனுக்கு வந்து சேர்ந்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்ட கணவன் லைலிடம், பல் டாக்டரிடம் என்றாள். பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள் அன்று சாயங்காலமே வறுத்த சோளத்தை நறநறவென்று கடித்துத் தின்றதை லைல் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் இப்போதெல்லாம் யாரும் எதையும் கேட்பதில்லை. மகள் டெஸ்ஸா கல்யாணமாகிப் போனபின் காலியான அறையில் மார்னி படுக்கிறாள். கூடத்துக்கு இந்தப்பக்கம் அவள், அந்தப்பக்கம் அவன். இரண்டு வருடமாகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணிக்குள் வின்னிபெக் டாக்டர் லாவலேயின் அலுவலகத்துக்குப் போன் செய்து, மூன்று சிகிச்சையில் எது என்று மார்னி சொல்லியாக வேண்டும். சொன்னால் மார்ச் மாதத்தில் ஒரு நாள் கிடைக்கும். சொல்லாவிட்டால் அந்த நாள் வேறொருத்திக்குப் போய்விடும். அடுத்த முறை வர பதினாலு மாதம் ஆகும்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மார்னிக்கு ஐம்பத்து நான்கு வயது. கனடாவில், மேனிட்டோபா மாநிலத்துக் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் கெல்ஹேவன் என்ற சின்ன ஊரில், தபால் நிலைய கவுன்ட்டரில் பத்தொன்பது வருடமாக நிற்கிறாள். இருமினால், தும்மினால், கனமான பார்சலைத் தூக்கினால், வாய்விட்டுச் சிரித்தால் அவளுக்குச் சிறுநீர் கசிந்துவிடும். ஆரம்பத்தில் சொட்டாக இருந்தது. இப்போது அதைச் சொட்டு என்று சொன்னால் சொட்டுக்கே அவமானம். ஒரு வருடம் தசைப் பயிற்சி செய்து பார்த்தாள், உள்ளே வைக்கிற ரப்பர் வளையத்தை வைத்துப் பார்த்தாள். இந்த ஆறு வருடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் டாக்டர்கள்.

காலை ஒன்பது மணி. தபால் வண்டி இன்னும் வரவில்லை. ஸ்டாம்ப் வைக்கும் இழுப்பறைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த தாள்களை மார்னி எடுத்துப் பிரித்தாள். ஒரு வாரமாகப் படித்துப் படித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோயிருந்தது.

முதல் தாள், வலை நாடா. செயற்கை இழையில் பின்னிய மெல்லிய பட்டையைச் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தொட்டில் மாதிரி போட்டுவிடுவார்கள். அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீடு. "நிறையப் பேரு இதைத்தான் எடுத்துக்கறாங்க, பெரும்பாலும் நல்லாவே இருக்காங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நூற்றில் ஒரு சிலருக்கு மட்டும் அந்த நாடா உறுத்திக்கொண்டு வெளியே துருத்தும். அதைத் திரும்ப எடுப்பது, போட்டதைவிடப் பெரிய வேலை.

இரண்டாம் தாளிலும் அதே தொட்டில்தான். ஆனால் பட்டை அவளுடைய சொந்த உடம்பிலிருந்து. அடிவயிற்றைக் குறுக்கே கீறி, தசைக்கு மேலே போர்த்தியிருக்கும் கெட்டியான உறையில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். மருத்துவமனையில் ஒன்றிரண்டு இரவு. ஆறேழு வாரம் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் சில நாள், சிலருக்குச் சில வாரம்கூட, சிறுநீர் முழுக்கப் பிரியாது. சின்னக் குழாய் விட்டு எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். அந்நியமாக எதுவும் உள்ளே இருக்காது. பலனும் வருடக்கணக்கில் நிற்கும்.

மூன்றாம் தாள், ஊசி. குழாயின் சுவருக்குள் கூழ் மாதிரி ஒன்றைச் செலுத்திக் கொஞ்சம் உப்ப வைப்பது. அந்த இடத்தை மட்டும் மரக்க வைப்பார்கள். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, தானே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆபத்து குறைவு. பலனும் குறைவு. நாளாக ஆகத் தேய்ந்து, திரும்பப் போட வேண்டி வரலாம்.

தையல் போட்டு மேலே தூக்கிக் கட்டுகிற நான்காவது ஒன்றும் உண்டு. வேறு காரியத்துக்கு வயிற்றைத் திறக்கிறவர்களுக்குத்தான் அது என்று டாக்டரே அதைத் தள்ளிவிட்டார்.

ஒரு பார்சல் சீட்டின் பின்பக்கத்தில் மார்னி கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்திருந்தாள். பலன், ஆபத்து, எத்தனை நாள் ஓய்வு. இதெல்லாம் டாக்டர் சொன்ன கட்டங்கள். கடைசியில் தானாக ஒன்று சேர்த்திருந்தாள்: யாரிடம் சொல்ல வேண்டும்.

நாடா என்றால் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும், காரில் கூட்டிவர லைலிடம் சொல்ல வேண்டும். சொந்தச் சதை என்றால் ஊருக்கே சொன்ன மாதிரி. கவுன்ட்டரில் ஒன்றரை மாதம் வேறு ஆள் நின்றால் கெல்ஹேவனில் பூனைகூட விசாரிக்கும். ஊசிக்கு நேரே அந்தக் கட்டத்தில் அவள் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தாள். யாரிடமும் வேண்டாம்.

டாக்டர் ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கிய மற்ற மூன்று கட்டங்களையும் அவள் பார்க்கவே இல்லை. அந்தக் கடைசிக் கட்டம்தான் முடிவெடுத்துக்கொண்டிருந்தது. ஊசி என்று சொல்லிவிடுவோம், மத்தியானமே போன் செய்துவிடுவோம் என்று தாள்களை மடித்து வைத்தாள். மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

தபால் வண்டி வந்தது. பைகளை இறக்கிவிட்டு ஓட்டுநர் போய்விட்டார். பார்சல்களை அலமாரியில் அடுக்கும்போது மார்னியின் கை நின்றது.

எழுத்தே இல்லாத பழுப்புப் பெட்டிகள், ஒரே அளவில் இரண்டு. மேலே கம்பெனி பெயர் கிடையாது, உள்ளே என்ன என்று எவருக்கும் தெரியாது. மார்னிக்குத் தெரியும். மாதா மாதம் அவள் பெயருக்கு வருகிற பெட்டி அது. கடையில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தபாலில் வரவழைக்கிறாள். தடித்த நாப்கின்கள், நாற்பது இருக்கும்.

இரண்டாவது பெட்டியில் ஒட்டியிருந்த பெயர் ஆர். ப்ரோகோபெக்.

ரோண்டா ப்ரோகோபெக். லைலின் அக்கா. மார்னியின் நாத்தனார்.

இது ஒன்றும் இன்றைக்குத் தெரிந்த செய்தி அல்ல. நான்கு வருடமாக இந்தப் பெட்டியை மார்னிதான் ரோண்டாவிடம் எடுத்துக் கொடுக்கிறாள். ரோண்டா வருவாள், சீட்டை நீட்டுவாள், "தையல் சாமான்" என்பாள். "நல்லது" என்பாள் மார்னி. யாருக்கு என்ன வருகிறது என்று வாயைத் திறக்க மாட்டேன் என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தக் கையெழுத்தை அவள் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. இந்த ஊரில் யாருக்குப் பொய்முடி வருகிறது, யாருக்கு வக்கீல் நோட்டீஸ் வருகிறது எல்லாம் அவளுக்குத் தெரியும். தன் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் இன்று இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. கேட்பதற்கு ஊர் முழுக்க ஒரே ஒருத்திதான் இருந்தாள். அந்த ஒருத்தியோடு நவம்பர் மாதத்திலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

ஏன் இல்லை என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கர்லிங்தான் காரணம். பனித்தளத்தில் கல்லைச் சறுக்கிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற விளையாட்டு. ரோண்டா கேப்டன். அவள் எதிர்முனையில் நின்று கத்துவாள். தேய்க்க மாட்டாள், எவ்வளவு அவசரமானாலும் துடைப்பத்தைத் தொட மாட்டாள். மார்னி தேய்ப்பவள். ஊரிலேயே அவளைப் போல் தேய்க்க ஆளில்லை என்று பெயர்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க முதல் கோப்பை வாங்கித் தர வேண்டும். இது எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் எழுதி வைத்த விதிகளைவிடப் பெரியது. உட்காராமல் கிளம்புவது, கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பந்தியில் உட்காராமல் வருவதைப் போல. மார்னி இரண்டு குளிர்காலமாக உட்காரவே இல்லை. கடைசிக் கல் நின்றதும் கோட்டை மாட்டிக்கொண்டு காருக்கு ஓடினாள். நவம்பரில் ஒருநாள் ரோண்டா எல்லோருக்கும் முன்னால், "எங்களோட உக்கார உனக்கு இஷ்டமில்லன்னா, எங்களோட ஆடவும் வேணாம்" என்று சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டரைக்குத் தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு, மார்னி பனித்தளத்தை நோக்கி நடந்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. சீட்டைக் காட்டிக் கையெழுத்துப் போடாமல் பார்சல் வெளியே போகக் கூடாது.

அன்று மாலை பெண்கள் போட்டி தொடங்குகிறது. பனித்தளத்துச் சமையலறையில் ரோண்டா தனியாக நின்று பெரோகி என்ற கொழுக்கட்டை செய்துகொண்டிருந்தாள். மசித்த உருளைக்கிழங்கும் சீஸும் கலந்த பூரணம் ஒரு அண்டா நிறைய இருந்தது. ரோண்டாவுக்கு அறுபது வயது, அகலமான தோள், பனித்தளத்தின் அந்த முனைக்குக் கேட்கிற குரல்.

"வழி தெரியாம வந்துட்டியா?" என்றாள், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னையா? பலே. ஆட்டம் முடிஞ்சு ஒரு காபி குடிக்க அஞ்சு நிமிஷம் இல்லாதவங்களுக்கு, சாப்பாட்டு நேரத்துல என்னைப் பாக்க நேரம் கிடைச்சிருக்கு."

"வேலையா இருக்கியா?"

"இல்ல, நாட்டியம் ஆடிட்டிருக்கேன். இருநூறு பெரோகி, மார்னி. நீ செஞ்சா நூத்தம்பதுல கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவ."

மார்னி கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாவு வட்டம் ஒன்றை எடுத்துப் பூரணம் வைத்து மடித்து ஓரத்தை அழுத்தினாள். ரோண்டா தடுக்கவில்லை. இரண்டு பேரும் பத்துப் பதினைந்து செய்திருப்பார்கள்.

"டெல்மா டீமை ஜெயிச்சோமே, போன வருஷம்," என்றாள் ரோண்டா. குரல் இறங்கியிருந்தது, கோபம் இறங்கவில்லை. "நாலு பேர்ல மூணு பேர் உக்காந்திருக்கோம். உன் நாற்காலி காலி. டெல்மா என்னைப் பாத்துக் கேக்கறா, 'மார்னிக்கு எங்க கூட உக்காந்தா கௌரவம் குறைஞ்சிடுமா'ன்னு. நான் என்ன சொல்லட்டும்? என் தம்பி பொண்டாட்டிய பத்தி நான் என்ன சொல்லட்டும்? லைலுக்கும் வீட்டுல இதே மரியாதைதானே."

"நான் நனைஞ்சிருந்தேன்."

"என்னது?"

"நனைஞ்சிருந்தேன், ரோண்டா. ஒவ்வொரு ஆட்டத்துலயும். தேய்க்கறப்ப கசிஞ்சிடும். என்னால அடக்க முடியறதில்ல. நாலாவது சுத்துல நாப்கின் தாங்காது, எட்டாவது சுத்துல சாக்ஸ் வரைக்கும் வந்திடும். அங்க இருக்கறது எல்லாம் துணி நாற்காலி. உக்காந்துட்டு எந்திரிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

ரோண்டாவின் கை அண்டாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. கூடத்தில் யாரோ மேசைகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

மார்னி நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். வின்னிபெக் போனதைச் சொன்னாள். மூன்று தாளைச் சொன்னாள், நாடா, சொந்தச் சதை, ஊசி. நாலு மணிக் கெடுவைச் சொன்னாள்.

"ஊசின்னு சொல்லிடலாம்னு இருக்கேன். அதுதான் சுலபம். ஒருத்தருக்கும் தெரியாம—"

"ஊசி வேணாம்," என்றாள் ரோண்டா.

அவள் சொன்ன வேகத்தில் மார்னி திடுக்கிட்டுப் போனாள்.

"ஏன்? சில பேருக்கு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க."

"நல்லாத்தான் இருக்கும். உடம்புக்கு எது ஒத்துக்கும்னு பாத்து எடுத்துக்கறவங்களுக்கு நல்லா இருக்கும். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எடுத்துக்கறவளுக்குச் சரிப்படாது." ரோண்டா ஒரு மாவு வட்டத்தை எடுத்தாள், பூரணம் வைக்காமலே மடித்தாள். "முதல் வருஷம் சொர்க்கம். ஒண்ணரை வருஷம் கழிச்சு ஒருநாள் மளிகைக் கடையில தும்முவ. அவ்வளவுதான், திரும்பவும் ஆரம்பிச்சிடும். மறுபடி போட்டுக்கலாம்தான். ஆனா மறுபடி போகணும். மறுபடி ஒரு பொய் சொல்லணும். போன தடவ பித்தப்பைக் கல்லுன்னு சொல்லியாச்சு, இந்தத் தடவ என்ன சொல்றதுன்னு யோசிப்ப. யோசிச்சு யோசிச்சே ஒன்பது வருஷம் ஓடிடும்."

பத்துப் பதினோரு வருடம் முன்பு ரோண்டா பித்தப்பைக் கல் என்று இரண்டு நாள் வின்னிபெக் போய் வந்தது மார்னிக்கு நினைவுக்கு வந்தது. பார்க்கப் போனபோது சூப் கொண்டுபோனாள். கொழுப்பே சேரக் கூடாத நோயாளி ரோண்டா பன்றி இறைச்சி வறுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ரோண்டா குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள்.

"யாரோ ஒருத்தி சொன்னா. பிராண்டன்ல இருக்கா. உனக்குத் தெரியாது."

"சரி," என்றாள் மார்னி.

அந்தப் பிராண்டன்காரியை மார்னிக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரியும் ரோண்டா, நாலு வருடமாகத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு பேரும் அந்த மாவு மேசைமேலேயே கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவளுக்கு அது தெரிந்தது கவுன்ட்டரில் நின்றதால்தான். தானாக வாயைத் திறக்காத ஒருத்தியின் பெட்டியைப் பிரிக்க அவளுக்கு உரிமை இல்லை. தன் ரகசியம் முழுவதையும் கொட்டிவிட்டு, எதிரே நிற்கிறவளின் ரகசியத்தைக் கட்டிக் காத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பக்கத்தில் ஒரு துணை நிற்க, இவ்வளவு தனியாக அவள் எப்போதும் இருந்ததில்லை.

"லைல்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள் ரோண்டா.

"இல்ல."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

ரோண்டாவின் முகம் மாறிப்போனது. கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட ஆளைப் போல் விழித்தாள்.

"கடவுளே! மார்னி, இன்னிக்கே சொல்லிடு."

"சாயங்காலம் வந்ததும்—"

"சாயங்காலம் இல்ல. போன்ல சொல்லு. என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும், அதுக்கு மேல என்னைக் கேக்காத."

மார்னி கோட்டை மெதுவாக மாட்டினாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். டீமுக்குத் திரும்பி வா என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்த்தாள். மன்னிச்சுக்கோ என்று வந்தாலும் போதும்.

"ஒண்ணேகால் ஆகுது," என்றாள் ரோண்டா. "உனக்குக் கதவு திறக்கற நேரம்."

மூன்றே முக்காலுக்கு, கவுன்ட்டரில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மார்னி டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நர்ஸ் ஜோசி எடுத்தாள்.

"முடிவு பண்ணிட்டீங்களா?"

"ரெண்டாவது. என் சொந்தச் சதையில செய்யறது."

"ஏன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. புரிஞ்சுதான் சொல்றீங்கன்னு டாக்டர் எழுதி வைக்கச் சொல்லியிருக்காங்க."

"ஊசி எனக்கு நிக்காது. நாடா நிறையப் பேருக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்க, நான் நம்பறேன். ஆனா நான் கவலைப்படற ரகம். அடுப்பை அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பி வர்றவ. உள்ள ஒண்ணு இருக்குன்னா தினம் அதையே தடவிட்டு உக்காந்திருப்பேன். அதுக்குப் பதிலா ஆறு வாரம் வலியத் தாங்கிக்கறேன்."

ஜோசி சிரித்தாள். "இதைவிட நல்ல காரணம் நான் கேட்டதில்ல. மார்ச் பன்னண்டு, காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க. வீட்டுல கூட யாரு இருப்பாங்க? முதல் ரெண்டு வாரம் கண்டிப்பா ஒரு ஆள் வேணும். கெட்டிலைக்கூட நீங்க தூக்கக் கூடாது."

"என் வீட்டுக்காரர்."

பெயரையும் எண்ணையும் ஜோசி எழுதிக்கொண்டாள். "அவருக்கு விஷயமெல்லாம் தெரியும்ல?"

"பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்," என்றாள் மார்னி.

லைல் நகராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுகிறவன். போன் மூன்றாவது முறை மணியடித்ததும் எடுத்தான்.

"என்ன, கார் கிளம்பலயா?"

அவர்களுக்கு நடுவில் போன் என்றால் ஒன்று கார் கெட்டுப்போயிருக்க வேண்டும், இல்லை வீட்டு ஹீட்டர் நின்றிருக்க வேண்டும்.

"கார் நல்லா இருக்கு. நீ வண்டிய ஓரமா நிறுத்து."

"யாருக்காவது என்னமாவதா? டெஸ்ஸாவா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நிறுத்து லைல்."

வண்டியின் இரைச்சல் அடங்கியது. மார்னி பார்சல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் பல் டாக்டர்கிட்ட போகல."

"தெரியும். சோளம் தின்ன."

அப்புறம் சொன்னாள். ரோண்டாவிடம் ஒரு தடவை சொல்லியாகிவிட்டதால் வார்த்தை வந்துவிடும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. நாத்தனாரிடம் சொல்வது வேறு, முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவனிடம் சொல்வது வேறு. திக்கித் திக்கித்தான் சொன்னாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் ராத்திரி, உங்க மேஸ்திரி மீன் பிடிக்கப் போய்ப் பனிக்குழிக்குள்ள கால விட்ட கதைய சொன்னியே. அவர மாதிரியே நடிச்சுக் காட்டினியே. நான் சிரிச்சு சிரிச்சு, படுக்கையெல்லாம் நனைஞ்சிடுச்சு. தண்ணி டம்ளர் சாஞ்சிடுச்சுன்னு பொய் சொன்னேன். மறுநாள் உன் குறட்டை தாங்கலன்னு சொல்லிட்டு டெஸ்ஸா ரூமுக்குப் போயிட்டேன்." மூச்சு வாங்கினாள். "நீ குறட்டையே விடறதில்ல, லைல்."

அந்தப் பக்கம் கண்ணாடி துடைக்கிற வைப்பரின் சத்தமும் நின்றது.

"குறட்டைக்குன்னு மூக்குல ஒட்டற பட்டையெல்லாம் வரவழைச்சேன்," என்றான் லைல்.

"தெரியும். நான்தானே எடுத்துக் கொடுத்தேன்."

"ஒட்டிக்கிட்டுப் படுத்தேன். ஒரு மாசம். நீ திரும்பி வருவன்னு பாத்தேன்." அவன் குரல் கரகரத்தது. "நீ சிரிக்கறதையே விட்டுட்ட. நான் எதையாவது சொல்ல ஆரம்பிச்சா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவ. என் மூஞ்சியப் பாக்கவே உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்."

"பிடிக்காம இல்ல. சிரிச்சிடுவேனோன்னு பயம்."

லைல் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"மார்ச் பன்னண்டு ஆபரேஷன்," என்றாள் மார்னி. சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் வேகமாகப் பேசினாள். "வயித்த கொஞ்சம் கீறுவாங்க. ரெண்டு வாரம் ஆள் கூட இருக்கணுமாம். நீ லீவு போடணும். உன் பேரத்தான் கொடுத்திருக்கேன்."

"மார்னி."

"கெட்டிலகூட தூக்கக் கூடாதாம், பாத்துக்கோ."

"மார்னி, நான் மார்ச் மூணாம் தேதி கிளம்பறேன்."

"எங்க?"

"வடக்க. சுரங்கத்துல ரோடு பராமரிக்கற வேலை. அங்கயே தங்கணும். ரெண்டு வருஷம். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன். ரோண்டாகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

பார்சல் அறையில் உட்கார நாற்காலி கிடையாது. மார்னி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஏன் லைல்?"

"நீ போகச் சொல்றன்னு நெனச்சேன். வாயால சொல்ல மனசு வராம, ரெண்டு வருஷமா வேற விதத்துல சொல்லிட்டிருக்கன்னு நெனச்சேன். ஒருத்தி இவ்வளவு தூரம் சொன்னப்புறமும் புரியாத மாதிரி உக்காந்திருந்தா நான் என்ன மனுஷன்?"

கவுன்ட்டரில் யாரோ வந்து மணியைத் தட்டினார்கள். மார்னிக்குக் காதில் விழுந்தது, கால் நகரவில்லை.

"அந்தக் கையெழுத்த திரும்ப வாங்க முடியுமா?"

"தெரியல. நான் வரலன்னா எடுக்கலாம்னு வெச்சிருந்த ஆளையும் வேணாம்னு அனுப்பிட்டாங்க. இங்க நகராட்சியிலயும் வேலைய விடறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்." அவனே தொடர்ந்தான். "அந்தச் சுரங்கத்து ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். கேட்டுப் பாக்கலாம்."

"இப்பவே மணி நாலேகால்."

"ஆமா."

"அப்ப போனை வை, லைல். வெச்சிட்டு அவங்கள கூப்பிடு."

"வைக்கறேன்," என்றான்.

மணி மறுபடி தட்டப்பட்டது. மார்னி காத்திருந்தாள். அவன் மூச்சு காதருகே கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் அதை அவள் கேட்டதில்லை. வை என்று இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. அவனும் வைக்கவில்லை.